எவ்ரிஒன் – ஃபுல் கண்ட்ரோல்: ஒரு சோம்பேறித்தனத்தின் பெயர்

தலைவலி என்று வந்தவனுக்கு மயக்க ஊசி போட்டு அனுப்பினால் வலி போய்விடும்தான். அதற்காக அதை வைத்தியம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் சர்வரில் இருக்கிற ஷேர்டு ஃபோல்டர் திறக்கவில்லை என்றதும் பல அலுவலகங்களில் நடக்கிற வைத்தியம் அச்சு அசலாக இதுதான்.

காட்சி எல்லோருக்கும் தெரிந்ததுதான். பில்லிங் பிரிவில் இருக்கும் பெண் ஃபோல்டரைத் திறக்கப் பார்க்கிறார். 'ஆக்ஸஸ் இஸ் டினைட்' என்று ஒரு கட்டம் வந்து நிற்கிறது. சர்வீஸ்காரருக்குப் போன் போகிறது. வருகிறார். ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அங்கே 'எவ்ரிஒன்' என்று டைப் அடித்து 'ஃபுல் கண்ட்ரோல்' கட்டத்தில் ஒரு டிக். ஓகே. "இப்பப் பாருங்க மேடம்!" திறந்துவிட்டது. இரண்டே நிமிடத்தில் வேலை முடிந்தது என்று முதலாளிக்கும் சந்தோஷம், சர்வீஸ் சார்ஜ் வாங்கியவருக்கும் சந்தோஷம்.

அந்த இரண்டு நிமிடத்தில் சரிசெய்யப்பட்டது என்ன? ஒன்றுமே இல்லை. பூட்டில் என்ன கோளாறு என்று பார்க்காமல், கதவையே கழற்றித் தெருவில் வைத்துவிட்டார்கள். இனிமேல் பூட்டு மக்கர் பண்ணாது. எப்படிப் பண்ணும், கதவே இல்லையே!

இது தெரியாமல் செய்கிற தப்பு என்று சமாதானம் சொல்வார்கள். அப்படி இல்லை. தெரிந்தே செய்கிற சோம்பேறித்தனம். அதன் விலையை டிக் அடித்தவர் கொடுப்பதில்லை. அந்த ஆபீஸில் மிகக் குறைந்த சம்பளம் வாங்குகிறவர்தான் கொடுக்கிறார். எப்படி என்று கீழே பாருங்கள்.

அந்த ஒரு டிக்கில் என்ன இருக்கிறது?

'ஃபுல் கண்ட்ரோல்' என்றால் படிக்கலாம், எழுதலாம் என்பதோடு நின்றுவிடுவதில்லை. அதற்குக் கீழே 'மாடிஃபை' என்று ஒரு படி இருக்கிறது. அதிலேயே ஃபைலைத் திறக்கலாம், திருத்தலாம், புதிதாகப் போடலாம், அழிக்கவும் செய்யலாம். அன்றாட வேலைக்கு அதுவே தாராளம். ஃபுல் கண்ட்ரோலில் கூடுதலாகக் கிடைப்பவற்றில் இரண்டுதான் ஆபத்தானவை: அனுமதிகளையே மாற்றும் உரிமை, ஃபோல்டரின் சொந்தக்காரராகத் தன்னையே ஆக்கிக்கொள்ளும் உரிமை. அதாவது நேற்று வேலைக்குச் சேர்ந்தவர் நினைத்தால் முதலாளியின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு அவரையே வெளியே நிறுத்தலாம். இன்வாய்ஸ் அடிக்கிற வேலைக்கு எதற்கு ஐயா இந்த அதிகாரம்?

அடுத்து 'எவ்ரிஒன்'. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. விண்டோஸ் 2000 காலம் வரை புதிதாக ஒரு ஃபோல்டரை ஷேர் செய்தாலே 'எவ்ரிஒன் – ஃபுல் கண்ட்ரோல்' என்று தானாகவே வந்துவிடும். அந்த 'எவ்ரிஒன்' என்ற கூட்டத்தில் பெயர் சொல்லாமல் நுழைகிற அநாமதேயரும் அடக்கம். தப்பு என்று மைக்ரோசாஃப்டுக்கே உறைத்தது. எக்ஸ்பி காலத்தில் அநாமதேயரை அந்தக் கூட்டத்திலிருந்து வெளியேற்றினார்கள். விண்டோஸ் சர்வர் 2003 வந்தபோது புதிய ஷேருக்குத் தானாகக் கிடைப்பது வெறும் 'ரீட்' என்று குறைத்தார்கள். செய்தவர்களே 20 வருடங்களுக்கு முன்னால் கைவிட்ட பழக்கத்தை, சர்வீஸ்காரர்கள் இன்னும் பரம்பரைச் சொத்து மாதிரி காப்பாற்றி வருகிறார்கள்!

கோளாறைத் தேடுவது அவ்வளவு கஷ்டமா?

இல்லவே இல்லை. வரிசையாகப் பார்க்கும் பொறுமை இருந்தால் போதும்.

முதலில், திரையில் வந்தது என்ன என்று படிக்க வேண்டும். 'திறக்க மாட்டேங்குது' என்பது கோளாறின் பெயர் ஆகாது. பிழை எண் 53 வந்தால் சர்வரே கண்ணுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். பெயர் தப்பாக இருக்கலாம், கேபிள் கழன்றிருக்கலாம், 445 ஆம் போர்ட்டை ஃபயர்வால் மறித்திருக்கலாம். இதற்கும் அனுமதிக்கும் சம்பந்தமே கிடையாது. 1326 வந்தால் யூசர் நேமோ பாஸ்வேர்டோ தப்பு. 1219 வந்தால் அதே சர்வருக்கு ஏற்கெனவே வேறொரு பெயரில் இணைப்பு திறந்திருக்கிறது. 5 வந்தால் மட்டும்தான் 'ஆள் யாரென்று தெரிகிறது, ஆனால் உள்ளே விட அனுமதி இல்லை' என்று பொருள். நான்கு வேறு வேறு வியாதிகள். நான்குக்கும் ஒரே மயக்க ஊசி என்றால் எப்படி?

1219 ஒரு வேடிக்கையான ஆசாமி. அந்தக் கம்ப்யூட்டரில் முன்பு வேலை பார்த்தவரின் பாஸ்வேர்டு 'கிரெடென்ஷியல் மேனேஜர்' என்ற இடத்தில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். புதியவர் உட்கார்ந்தாலும் சர்வர் பழையவரைத்தான் பார்க்கும். அதை அழித்துவிட்டு 'நெட் யூஸ்' கட்டளையால் பழைய இணைப்பைத் துண்டித்தால் தீர்ந்தது. ஃபோல்டரைத் தொடவே வேண்டாம்.

இரண்டாவது, அனுமதி என்பது ஒன்றல்ல, இரண்டு. ஷேர் அனுமதி வெளிக்கேட். என்.டி.எஃப்.எஸ். அனுமதி உள்கதவு. நெட்வொர்க் வழியாக வருகிறவர் இரண்டையும் தாண்ட வேண்டும். இரண்டில் எது குறைவோ அதுதான் செல்லும். வெளிக்கேட்டில் 'ரீட்' என்று இருந்தால் உள்ளே 'மாடிஃபை' கொடுத்தும் பிரயோஜனம் இல்லை, ஒரு எழுத்துகூடத் திருத்த முடியாது. ஆனால் சர்வரின் முன்னாலேயே உட்கார்ந்து திறக்கிறவருக்கு வெளிக்கேட்டே கிடையாது. அதனால்தான் 'சர்வர்ல ஓப்பன் ஆகுது, உங்க சிஸ்டத்துலதான் பிரச்சினை' என்கிற தீர்ப்பு பாதி நேரம் தப்பாகப் போகிறது.

மூன்றாவது, குழுக்கள். ஒருவர் நான்கு குழுவில் இருந்தால் நான்கின் அனுமதியும் கூட்டிச் சேரும். ஆனால் 'டினை' என்று ஒன்று இடையில் இருந்தால் அது 'அலோ' எல்லாவற்றையும் தோற்கடிக்கும். (அதே ஃபோல்டரில் நேரடியாகக் கொடுத்த அலோ மட்டும் மேலேயிருந்து பரம்பரையாக வந்த டினையை ஜெயிக்கும்.) யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ அடித்த டினை டிக், இன்று வேறொருவர் கழுத்தைப் பிடிக்கும். 'எவ்ரிஒன்'னுக்கே டினை அடித்து, அட்மினிஸ்ட்ரேட்டரையும் சேர்த்து வெளியே நிறுத்திய மேதைகளும் உண்டு! எவ்ரிஒன் என்றால் அட்மினிஸ்ட்ரேட்டரும்தானே?

நான்காவதுதான் மிகப் பெரிய கேலிக்கூத்து. ஒருவரைப் புதிதாக ஒரு குழுவில் சேர்த்தால் அது உடனே அமலுக்கு வராது. அவர் எந்தெந்தக் குழுவில் இருக்கிறார் என்கிற அடையாளச் சீட்டு, லாகின் செய்யும்போதுதான் தயாராகிறது. லாக் ஆஃப் செய்துவிட்டு மறுபடி உள்ளே வந்தால்தான் புதிய சீட்டு கிடைக்கும். சரியான குழுவில் சரியாகச் சேர்த்துவிட்டு, லாக் ஆஃப் செய்யச் சொல்லாமல், 'இதுவும் வேலைக்கு ஆகலையே' என்று அலுத்துக்கொண்டு எவ்ரிஒன்னுக்குத் தாவியவர்கள் எத்தனை பேரோ! 'ஹூ ஆம் ஐ' என்ற கட்டளையைக் குழுப்பட்டியலோடு ஓட்டிப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

ஐந்தாவது, இடம் மாற்றிய ஃபைல்கள். காப்பி செய்தால் போய்ச் சேருகிற ஃபோல்டரின் அனுமதி வரும். அதே டிரைவுக்குள் மூவ் செய்தால் பொதுவாகப் பழைய அனுமதியையே சுமந்துகொண்டு போகும். 'எல்லா ஃபைலும் திறக்குது, இந்த ஒண்ணு மட்டும் திறக்கல' என்கிற புகாருக்குப் பல நேரம் காரணம் இதுதான்.

இவ்வளவும் பார்த்த பிறகும் குழப்பமா? செக்யூரிட்டி பக்கத்தில் 'அட்வான்ஸ்டு' என்பதற்குள் 'எஃபெக்டிவ் ஆக்ஸஸ்' என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆளின் பெயரைக் கொடுத்தால் அவருக்கு என்னென்ன கிடைக்கிறது என்று விண்டோஸே சொல்லிவிடும். கையில் டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு இருட்டாக இருக்கிறதே என்று வீட்டுக்குத் தீ வைக்கிற கதை எதற்கு?

காமர்ஸ் படிக்கிறவர்கள் கவனிக்க

இதெல்லாம் கம்ப்யூட்டர் சயன்ஸ்காரர்கள் சமாச்சாரம் என்று பி.காம். மாணவர்கள் ஒதுங்கிக்கொள்வது வழக்கம். ஒதுங்கவே கூடாதவர்கள் அவர்கள்தான்.

ஆடிட்டிங் பேப்பரில் 'இன்டர்னல் செக்' என்று ஒரு பாடம் வருகிறது. கேஷ் வாங்குகிறவர் லெட்ஜரில் எழுதக் கூடாது, பில்லை பாஸ் செய்கிறவர் பணத்தைக் கொடுக்கக் கூடாது, ஒருவர் வேலையை இன்னொருவர் வேலை தானாகவே சரிபார்க்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்குகிறார்கள். உதாரணத்துக்கு 1995 இல் கவிழ்ந்த பேரிங்ஸ் வங்கி. 1762 இல் தொடங்கிய வங்கி அது. சிங்கப்பூர் கிளையில் நிக் லீசன் என்ற ஒரே ஆள் வியாபாரமும் செய்தார், அந்த வியாபாரத்தின் கணக்கை முடித்து வைக்கும் பிரிவும் அவர் கையிலேயே இருந்தது. நஷ்டத்தையெல்லாம் 88888 என்ற ஒரு கணக்கில் ஒளித்தார். மொத்த நஷ்டம் 82.7 கோடி பவுண்டு. 200 வருடத்துக்கு மேல் நின்ற வங்கியை ஐ.என்.ஜி. நிறுவனம் ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது.

இதைப் பரீட்சையில் எழுதிவிட்டு, டிகிரி வாங்கி வேலைக்குப் போகிறவர் முதல் நாளே என்ன பார்க்கிறார்? வவுச்சர், லெட்ஜர், சம்பளப் பட்டியல், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் ஒரே ஷேரில். எல்லோருக்கும் ஃபுல் கண்ட்ரோல். இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் செக் போகாத ஆபீஸில், யார் கையெழுத்தும் இல்லாமல் ஒரு வருடக் கணக்கு ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாமல் அழியலாம். (ஆமாம், நெட்வொர்க் ஷேரில் அழித்த ஃபைல் பொதுவாக ரீசைக்கிள் பின்னுக்கு வருவதில்லை.) வங்கியில் பெட்டகத்தைத் திறக்க இரண்டு அதிகாரிகள், இரண்டு சாவி. ஒரு நாள் சாவி சுற்றவில்லை என்பதற்காக எந்த மேனேஜராவது பெட்டகத்தைத் திறந்தே வைத்துவிட்டு வீட்டுக்குப் போவாரா?

ஒருவருக்கு அவர் வேலைக்குத் தேவையான அளவு மட்டும் உரிமை, அதற்கு மேல் கிடையாது. கம்ப்யூட்டர் உலகத்துக்கு இதை 1975 இலேயே சால்ட்ஸர், ஷ்ரோடர் என்ற இருவர் ஒரு கட்டுரையில் கொள்கையாக எழுதி வைத்தார்கள். காமர்ஸ்காரர்களின் இன்டர்னல் செக்கும் அதைத்தான் சொல்கிறது. வேறு வேறு டிபார்ட்மென்ட் என்பதால் இரண்டும் வேறு வேறு ஞானம் ஆகிவிடாது.

சட்டமும் சும்மா இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் தங்கள் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தையும் பதிவுசெய்யும் ஆடிட் டிரெயில் வைத்திருக்க வேண்டும், அதை அணைக்கவும் கூடாது என்பது இந்தியாவில் விதி. நல்ல விதிதான். ஆனால் மென்பொருளுக்குள்ளே நடப்பதைத்தான் அது எழுதும். வெளியே வந்து, டேட்டா ஃபோல்டரையே தூக்கிவிட்டுப் போன வாரத்துப் பேக்கப்பை அந்த இடத்தில் வைத்தால்? கணக்கோடு சேர்ந்து அந்த வாரத்துத் திருத்தப் பதிவும் போயே போச்சு. வாசலில் வருகைப் பதிவேடு, பின்பக்கம் சுவரே இல்லை!

வழக்கமான சால்ஜாப்புகள்

"சின்ன ஆபீஸ்தானே, மொத்தமே 6 பேர்." 6 பேருக்கு அனுமதி பிரிக்க அரை மணி நேரம்கூட ஆகாது. 600 பேர் இருக்கிற இடத்தில்தான் கஷ்டம். சின்ன ஆபீஸ் என்பது செய்வதற்கான காரணம். செய்யாமல் இருப்பதற்கான காரணமாக அதைச் சொல்கிறார்கள்.

"டாலிக்கு எழுதுற அனுமதி இல்லாட்டி ஓடாதே." உண்மை. பலர் ஒரே டேட்டாவில் வேலை செய்யும்போது அந்த ஃபோல்டரில் எழுதும் உரிமை வேண்டும்தான். யாருக்கு? டாலியில் வேலை செய்கிறவர்களுக்கு. அவர்களை ஒரு குழுவாக்கி அந்தக் குழுவுக்கு மாடிஃபை கொடுங்கள். ரிசப்ஷனில் இருப்பவருக்கும் விருந்தாளி லேப்டாப்புக்கும் எதற்கு? இன்னொன்று, டாலிக்குள்ளே போட்ட பாஸ்வேர்டு, வெளியே எக்ஸ்ப்ளோரரில் அந்த ஃபோல்டரையே டெலீட் அடிப்பவரைத் தடுக்காது.

"பெரிய கம்பெனி எக்ஸ்பர்ட்டே ஷேரில் எவ்ரிஒன் ஃபுல் கண்ட்ரோல்தான் கொடுக்கிறார்." இதுதான் கொஞ்சம் பலமான வாதம், பதிலும் சொல்லியாக வேண்டும். ஆமாம், கொடுக்கிறார். வெளிக்கேட்டை அகலத் திறந்து வைத்துவிட்டு, உள்கதவில், அதாவது என்.டி.எஃப்.எஸ்.ஸில், குழு வாரியாகப் பூட்டுப் போடுகிறார். இரண்டு இடத்தில் கணக்கு வைத்துக் குழம்பாமல் ஒரே இடத்தில் கட்டுப்படுத்தும் முறை அது. அவர் செய்ததில் முதல் பாதியை மட்டும் காப்பி அடித்துவிட்டு அவரையே சாட்சிக்குக் கூப்பிடுவது நியாயமா?

"ஷேர் பெயரின் கடைசியில் டாலர் குறி போட்டு மறைத்திருக்கிறோம்." மறைத்தது, பூட்டியது அல்ல. பெயர் தெரிந்தவர் டைப் அடித்தால் வந்துவிடும். ஆளுக்குத் தகுந்தபடி ஃபோல்டரே கண்ணில் படாமல் இருக்க வேண்டுமானால், அதற்கென்றே 'ஆக்ஸஸ் பேஸ்டு எனுமரேஷன்' என்ற வசதி விண்டோஸ் சர்வர் 2003இன் முதல் சர்வீஸ் பேக் வந்ததிலிருந்தே இருக்கிறது. பூட்டுக்கு மேல் திரைச்சீலை அழகு. பூட்டுக்குப் பதில் திரைச்சீலை அபத்தம்.

"விண்டோஸ் 11க்கு மாறின பிறகு பழைய ஸ்டோரேஜ் பெட்டி திறக்கவே இல்லை, அதனால கெஸ்ட்டைத் திறந்துவிட்டோம்." 2024 இல் வந்த 24ஹெச்2 பதிப்பில் பெயர், பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவு ப்ரோ பதிப்பிலும் நிறுத்தப்பட்டது. இணைப்பில் கையொப்பமும் கட்டாயமானது. பெட்டி திறக்காததற்கு அதுதான் காரணம். பெட்டியில் ஆளுக்கொரு யூசர் நேம், பாஸ்வேர்டு உருவாக்கி, அதன் மென்பொருளையும் புதுப்பிப்பதுதான் தீர்வு. விண்டோஸ் மூடிய ஓட்டையைக் கடப்பாரையால் மறுபடி திறப்பது தீர்வாகாது.

"எங்க ஆளுங்க மேல நம்பிக்கை இருக்கு." இருக்கட்டும், ரொம்ப நல்லது. ஆனால் ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கிற ரான்சம்வேர், ஆள் நல்லவரா என்று பார்ப்பதில்லை. அவருக்கு எங்கெல்லாம் எழுதும் உரிமை இருக்கிறதோ அங்கெல்லாம் அதுவும் எழுதும். 2017 மே மாதம் பரவிய வானாக்ரை, பழைய எஸ்.எம்.பி. 1 இல் இருந்த ஓட்டை வழியாகக் கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தாவியது. அது வேறு வகை, அனுமதியைச் சரிசெய்து அதைத் தடுத்திருக்க முடியாது. அதற்கு மருந்து மார்ச் மாதமே வந்த அப்டேட். ஆனால் மெயிலில் வந்த ஒரு போலி பில்லைத் திறந்துவிடும் அப்பாவியின் கதை வேறு. அவருடைய உரிமை ஒரு ஃபோல்டரோடு நின்றால் சேதமும் பெரும்பாலும் அங்கேயே நிற்கும். சர்வர் முழுக்க அவருக்கு ஃபுல் கண்ட்ரோல் என்றால் சர்வர் முழுக்கக் காலி.

யார் தலையில் விடியும்?

இனி முதலில் சொன்ன விஷயம். ஒரு ஆடிட்டர் ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசி வாரம். ஒரு கிளையன்ட்டின் ஃபோல்டரைக் காணோம். யார் அழித்தது? 8 பேருக்கும் ஃபுல் கண்ட்ரோல். 8 பேரும் 'ஆபீஸ்' என்கிற ஒரே யூசர் நேம், ஒரே பாஸ்வேர்டு. விண்டோஸில் ஆடிட்டிங்கை இயக்கி வைத்திருந்தால், யார் எந்த ஃபைலைத் தொட்டார் என்று 4663 என்ற எண்ணில் பதிவாகும். இயக்கியே வைத்திருந்தாலும் இங்கே அது என்ன சொல்லும்? 'ஆபீஸ்' தொட்டது என்று சொல்லும். யார் அந்த ஆபீஸ்?

ஆதாரம் இல்லாத இடத்தில் சந்தேகம் யார் பக்கம் போகும்? பங்குதாரர் பக்கம் போகாது. 15 வருட சீனியர் பக்கம் போகாது. 3 மாதத்துக்கு முன்னால் ஆர்ட்டிகிள்ஷிப்புக்கு வந்த பையன் பக்கம்தான் போகும். 'நீதானே நேத்து லேட்டா இருந்தே?' என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான், அவன் பேர் கெட்டது. தான் செய்யவில்லை என்று அவன் எதை வைத்து நிரூபிப்பான்? அந்த ஃபோல்டரில் அவனுக்கு 'ரீட்' மட்டும் இருந்திருந்தால், எஃபெக்டிவ் ஆக்ஸஸ் பக்கத்தைத் திறந்து காட்டி, 'இதை அழிக்க என்னால் முடியவே முடியாது சார்' என்று தலை நிமிர்ந்து சொல்லியிருப்பான். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் எவ்ரிஒன் டிக் அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டது.

அனுமதியைக் குறைப்பது அவமானம், நம்பிக்கையின்மை என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கேஷியர் கவுன்ட்டரைச் சுற்றிக் கம்பி வலை இருப்பது கேஷியர் திருடன் என்பதற்காக அல்ல. பணம் குறைந்தால் வெளியில் நிற்கிற பியூனைப் பிடிக்காமல் இருப்பதற்கும் அந்த வலைதான் காவல். அளவான அனுமதி என்பது கீழே இருப்பவர்களுக்குக் கிடைக்கிற பாதுகாப்பு. எல்லோருக்கும் எல்லாம் என்பது கேட்கச் சமத்துவம் மாதிரி இனிக்கும். பழி விழும்போது மட்டும் அது சமமாக விழுவதில்லை.

என்ன செய்ய வேண்டும்?

பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஆளுக்கொரு யூசர் நேம். வேலைக்கொரு குழு: கணக்கு, சம்பளம், பில்லிங் என்று. அனுமதியை ஆளுக்குக் கொடுக்காமல் குழுவுக்குக் கொடுக்க வேண்டும். ஆள் வந்தால் குழுவில் சேர்க்கலாம், போனால் எடுத்துவிடலாம், ஃபோல்டரைத் தொடவே வேண்டியதில்லை. பார்க்க மட்டும் வேண்டியவர்களுக்கு ரீட், வேலை செய்கிறவர்களுக்கு மாடிஃபை, ஃபுல் கண்ட்ரோல் நிர்வாகிக்கு மட்டும். டினை டிக்கைக் கூடுமானவரை தொடாமல் இருப்பது நல்லது, அனுமதி கொடுக்காமல் விட்டாலே அது மறுப்புத்தான். முக்கியமான ஃபோல்டர்களுக்கு ஆடிட்டிங். பேக்கப் இருக்கும் இடத்தில் பேக்கப் எடுக்கிறவரைத் தவிர வேறு யாருக்கும் எழுதும் உரிமை கூடாது. இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி வைத்தால் அடுத்த முறை கதவைக் கழற்ற வேண்டியிருக்காது.

அப்படியும் நள்ளிரவு அவசரத்தில் ஒருவர் எவ்ரிஒன் கொடுத்தே ஆக வேண்டியிருந்தால்? கொடுக்கட்டும். கோளாறு அனுமதியிலா வேறு எங்காவதா என்று தெரிந்துகொள்ள ஒரு நிமிடச் சோதனையாக அது உதவும். ஆனால் சோதனை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். வயிற்றைத் திறந்து பார்த்த டாக்டர் தைக்காமல் வீட்டுக்குப் போவதில்லை.

ஆகவே மக்களே, அடுத்த தடவை சர்வீஸ்காரர் வந்து இரண்டு நிமிடத்தில் "ஓப்பன் ஆயிடுச்சு சார்" என்று சொன்னால், பணத்தை எடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்களுக்குத் திறந்தது சரி... வேறு யார் யாருக்கெல்லாம் திறந்திருக்கிறது?" பதில் சொல்லத் தெரியாதவருக்கு சர்வீஸ் சார்ஜ் கொடுக்காதீர்கள்.